மூடிய கழிமுகமும் உனாயிசியின் வேர்த்தண்ணீரும்

2017 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை காலை, நமது ஆற்றங்கரைக் காய்கறிப் பயிரிடுவோர் சங்கத்தின் பேக்கிங் கொட்டகைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. உறுப்பினர் உனாயிசி தம் தோட்டத்தில் தெளிக்கும் வேர்ச்சாற்றை ஓடையில் விட்டு வுனிதிரி கழிமுகத்து மீன்களைக் கொன்றார் என்றும், அதை அவ்வூர்த் தலைவரின் மறைவுக்கான விலக்குக் காலத்திலேயே செய்தார் என்றும், மறு அறிவிப்பு வரும்வரை அவருடைய முட்டைக்கோசு கொட்டகையில் ஏற்கப்படாது என்றும் அதில் இருந்தது. அதே சாற்றைப் பயன்படுத்தியவள் என்பதால் என் தோட்டத்துக் காய்களும் அன்றே திருப்பி அனுப்பப்பட்டன.

நான் முன்வைக்கும் குற்றச்சாட்டு இதுதான். அந்த அறிவிப்பு யாரையும் விசாரிக்காமல் எழுதப்பட்டது. அதில் உள்ளது பொய் என்று தெளிவான பிறகும் அது திரும்பப் பெறப்படவில்லை. காகிதம் மழையில் கரைந்து போனது, அவ்வளவுதான். இப்போது சங்கத்தின் ஆண்டு மலரில் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் வெளியாக உள்ளன. பட்டியலில் உனாயிசியின் பெயர் இல்லை. நாற்று விடும் பருவம் நெருங்கிவிட்டது. கொட்டகைக் கதவு அவருக்குத் திறக்குமா என்பது தெரியாமல் அவர் விதை வாங்க முடியாது. ஆகவே விடுபட்ட அந்தக் குறிப்பை நானே எழுதித் தருகிறேன்.

உனாயிசியின் தந்தை கரும்பு ரயில் ஓட்டியவர். தாய் வுனிதிரியில் பிறந்தவர். அவ்வூர்த் தலைவரின் ஒரே தங்கை. பள்ளி விடுமுறை முழுவதையும் உனாயிசி மாமன் வீட்டில்தான் கழித்தார். தங்கை மகளுக்கு மாமன் வீட்டில் உள்ள உரிமையை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவள் எதையும் கேட்டு எடுக்க வேண்டியதில்லை. எடுத்ததை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. மாமன் ஆசையாக வாங்கி வைத்திருந்த ரேடியோவை உனாயிசி ஏழெட்டு வயதில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பேருந்து ஏறிய கதையை வுனிதிரியில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாமன் வாசலில் நின்று கையசைத்து அனுப்பினாராம். மாமன் மகன் இசிக்கேலிதான் பேருந்தின் பின்னால் அழுதுகொண்டே ஓடினானாம்.

இசிக்கேலிக்கும் உனாயிசிக்கும் முறை மச்சான் மச்சினி. அந்த முறைக்காரர்கள் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் பேசினால் அதுதான் அவமரியாதை. உனாயிசி அவரைப் பார்த்ததும் வாயைத் திறப்பார்.

"என்ன மச்சான், படகு பெருசாயிட்டே போகுது, மீன் சின்னதாயிட்டே வருது?"

"நீ ஊருக்குள்ள வர்றேன்னு தெரிஞ்சா மீன்கூட ஒளிஞ்சுக்குது மச்சினி. எங்க எடுத்துட்டுப் போயிடுவியோன்னு."

அந்த ஊர்ப் பெண்களோடு கடல் வற்றும் நேரத்தில் மீன் பிடிக்கப் போய்த்தான் அவர் தூவா வேரை முதலில் அறிந்தார். மலைச்சரிவில் படரும் கொடி அது. அதன் வேரைப் பாறையில் வைத்து நசுக்கிக் குட்டையில் அலசினால் தண்ணீர் பால்போல் வெளுக்கும். மீன்கள் குடிகாரர்கள்போல் சுற்றிச் சுற்றி வந்து மேலே மிதக்கும். அரசாங்கம் அதைத் தடை செய்து வெகுகாலமாகிறது. வுனிதிரியிலும் அந்த வழக்கம் நின்றுவிட்டது. ஆனால் அவருடைய தாய் வேரைத் தொட்ட கையை மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதும், குடிதண்ணீர்ப் பக்கம் போக விடாமல் மகளைத் தடுத்ததும் அவருக்கு மறக்கவில்லை.

சக்கியூசாவை மணந்து அவர் எங்கள் பக்கம் வந்தார். சக்கியூசா கடற்கரை ஓட்டல் ஒன்றில் தோட்டக்காரர், அதிகம் பேசாதவர். அவர்கள் குலத்து நிலமும் நான் குத்தகைக்கு வைத்திருக்கும் நிலமும் ஒரே ஓடையின் கரையில் அடுத்தடுத்து உள்ளன. அந்த ஓடை கீழே இறங்கி வுனிதிரியில்தான் கடலைச் சேர்கிறது. அறிமுகம் செய்துகொள்ள அவர் வந்த நாளில் கையில் ஒரு முட்டைக்கோசு இருந்தது. இலையெல்லாம் ஓட்டை.

"அக்கா, இதைச் சல்லடைன்னு சொல்லி வித்துடலாமா?"

வைரமுதுகுப் பூச்சியின் புழு. பச்சை நிறம், அரிசி அளவு, தொட்டால் நூல் விட்டுத் தொங்கும். அந்த ஆண்டுகளில் பள்ளத்தாக்கு முழுவதும் அதனிடம் தோற்றுக்கொண்டிருந்தது. கடையில் விற்ற மருந்தை முதலில் சொன்ன அளவில் தெளித்தோம். பிறகு இரண்டு பங்கு. பிறகு இரண்டு மருந்துகளைக் கலந்தோம். என் கைத்தோல் உரிந்தது. புழு தின்றுகொண்டே இருந்தது. மருந்தில் பிழைத்த பூச்சியின் பிள்ளைகளே அடுத்த பருவத்தில் வருகின்றன, ஆகவே அதே மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது என்று வேளாண் நிலையத்து அலுவலர் மக்கரேத்தா வந்து சொன்னபோதுதான் காரணம் விளங்கியது.

மக்கரேத்தா நாற்காலியில் உட்கார்ந்து அறிவுரை சொல்கிறவர் அல்லர். வரப்பில் குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வேர்ச்சாறு புழுவுக்கு ஆகும் என்று அவர் சொன்னதும் உனாயிசி சிரித்துவிட்டார்.

"தூவாவா? அதுல மீன்தான சாகும்?"

"மீனுக்கு மூச்சை அடைக்குதில்ல, அதே மாதிரிதான் புழுவுக்கும். சாறு பட்ட இலையைத் தின்னதும் வாயை மூடிக்கும். உடனே சாகாது, ஆனா திங்காது. வெயில் பட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல வீரியம் போயிடும், அதனால சாயங்காலமாத் தெளிக்கணும். ஒண்ணு மட்டும் சொல்றேன், ஓடைக்கு ஒரு சொட்டு போகக் கூடாது."

"அதை நீங்க எனக்குச் சொல்றீங்களா?" என்றார் உனாயிசி.

கடல்பாசித் தண்ணீரையும் மக்கரேத்தாதான் சொன்னார். அலை ஒதுக்கும் பழுப்புப் பாசியை உப்புப் போக அலசி, பீப்பாயில் ஊறவைத்து, வடித்துத் தெளிப்பது. செடிகள் தாமே தமக்குள் சுரந்துகொள்ளும் வளர்ச்சி ஹார்மோன்கள் அந்தப் பாசியிலும் இருக்கின்றன. நாற்றுப் பருவத்தில் அவை கிடைத்தால் வேர் பிடித்து, இலை தடித்து, செடி தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெம்பு பெறும். சில பூச்சிகள் அத்தகைய இலையில் நிலைப்பதில்லை.

"சத்தியமா வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன்," என்றார் மக்கரேத்தா. "எங்க நிலையத்துல பாதிப் பாத்தியில நல்லாத் தெரிஞ்சுது, மீதியில ஒண்ணும் தெரியல. நீங்க செஞ்சு பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

உனாயிசி செய்து பார்த்தார். ஒரே பாத்தியை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதிக்குப் பாசித்தண்ணீர் மட்டும், ஒரு பகுதிக்குப் பாசித்தண்ணீரோடு வேர்ச்சாறும், ஒரு பகுதிக்கு ஒன்றுமே இல்லை. பாசித்தண்ணீர் மட்டும் பெற்ற செடிகள் பச்சையாகவும் தடிப்பாகவும் நின்றன. அசுவினிப் பூச்சி குறைந்தது, வைரமுதுகுப் புழு அவ்வளவாகக் குறையவில்லை. இரண்டும் பெற்ற செடிகளில்தான் குருத்து முழுசாக இருந்தது. ஆகவே அவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். நடவிலிருந்து பாசித்தண்ணீர் தொடர்ந்து போகும். வேர்ச்சாறு, புழு குருத்துக்கு ஏறும்போது மட்டும். சிலந்திக்கும் குளவிக்கும் வேலை மிச்சம் வைக்க வேண்டும் என்பார்.

பீப்பாயின் நாற்றம் எங்கள் வீடுவரை வந்தது. சக்கியூசா வாய் திறந்து பேசி நான் கேட்ட வாக்கியங்களில் ஒன்று இது:

"எங்க வீட்டுக்கு வந்தா செருப்பை மட்டும் இல்ல, மூக்கையும் வெளிய கழட்டி வச்சுட்டுத்தான் வரணும்."

சாறு நசுக்குவதற்கும் தெளிப்பானைக் கழுவுவதற்கும் உனாயிசி ஓடையிலிருந்து விலகி, மேட்டில், களிமண் தரையில் ஒரு குழி வெட்டி மூடி போட்டிருந்தார். நானும் அந்தக் குழியில்தான் கழுவ வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஒருநாள் அவசரத்தில் வாளியை ஓடைப் பக்கம் எடுத்துச் சென்றேன். தோட்டத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வந்து வாளியைப் பிடுங்கினார்.

"மீன்காரங்க வீட்டுப் பொண்ணு நான். இது கீழே போனா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்தவ. கோவிச்சுக்காதீங்க அக்கா, ஆனா வாளியை விடுங்க."

இதை நான் சங்கத்துக்கு எழுத்திலும் சொன்னேன். படித்ததாகத் தெரியவில்லை.

2017 மே மாதத்தில் அவருடைய மாமன் இறந்தார். வழக்கப்படி வுனிதிரியின் கடலும் கழிமுகமும் நூறு இரவுகளுக்கு விலக்கப்பட்டன. மீன் பிடிக்கக் கூடாது. வலை போடக் கூடாது. தலைமையை ஏற்ற இசிக்கேலி தந்தைமேல் கொண்ட அன்பால் ஒரு படி மேலே போய், தண்ணீரில் ஒருவரும் கால்கூட வைக்கக் கூடாது என்று அறிவித்தார். ஊர் அதை மனதார ஏற்றது. கறுப்பு உடுத்திய பெண்கள் கரையோரப் பாதையில் நடக்கும்போதுகூடத் தண்ணீரின் பக்கம் திரும்பாமல் போவதை நானே கண்டிருக்கிறேன்.

பருவத்தின் நடுவில் உனாயிசியிடம் வேர் தீர்ந்தது. அவர் வுனிதிரிக்குப் பின்னால் உள்ள மலையில் ஏறி, ஒரு கட்டுத் தூவா வேரைத் தோண்டி, தோளில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே நடந்து வந்தார். யாரிடமும் கேட்கவில்லை, எதற்கென்று சொல்லவுமில்லை. மாமன் காட்டில் மருமகள் எடுக்கிறாள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அவர் எண்ணம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு நீண்ட வறட்சி. ஓடை நூலாக மெலிந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் இரவு மட்டும் மழை கொட்டியது. மறுநாள் காலை வுனிதிரி கழிமுகத்தில் மடவை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. கை நீள மடவைகள். ஊர் முழுவதும் பாதையில் நின்று பார்த்தது, ஒருவரும் இறங்கவில்லை. விலக்கு இருந்தது. மிதக்கும் மீனைப் பார்த்ததும் எல்லோருக்கும் நினைவு வந்தது தோளில் போன அந்தக் கட்டுதான்.

உனாயிசிக்கு ஊர்க்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. நானும் உடன் சென்று கதவோரம் உட்கார்ந்தேன். ஊர் நிர்வாகி அபிசாய்தான் கேட்டார்.

"வேரைத் தூக்கிட்டுப் போனியா இல்லியா?"

"போனேன் அபிசாய் மாமா. பட்டப்பகல்ல, உங்க வாசல் வழியாத்தான் போனேன். நீங்க கைகூட ஆட்டினீங்க."

"ஆட்டினேன். எதுக்குன்னு நீ சொல்லலயே."

"முட்டைக்கோசுக்குத்தான்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "முட்டைக்கோசுக்கு வைத்தியம் பாக்குறாங்களாம். மருந்துக்கு நம்ம மீனு."

"எங்க மாமா காட்டுல நான் எடுக்கிறதுக்கு..." என்று உனாயிசி தொடங்கினார்.

"மாமா இப்ப இல்ல," என்றார் இசிக்கேலி.

"மச்சான், நான் சொல்றதை..."

"உனாயிசி. இது கேலிப் பேச்சு இல்ல."

மச்சினி என்னாமல் அவர் பெயர் சொல்லி அழைத்ததை அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். வேறு எந்த வசையும் உனாயிசியை அப்படித் தாக்கியிருக்காது. எழுந்து வெளியே வந்தார்.

செய்தி நமது சங்கச் செயலாளர் பிரேம்லாலுக்கு அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை அறிவிப்பு கதவில் இருந்தது. நான் அவரிடம் நேரில் கேட்டேன்.

"விசாரிச்சீங்களா?"

"விசாரிக்க நான் என்ன போலீசா அக்கா? மீனைக் கொன்ன மருந்து நம்ம கோசுல இருக்குன்னு ஓட்டல்காரன் காதுல விழுந்தா, உங்களது எனது எல்லாத்தையும் சேத்துத்தான் திருப்பி அனுப்புவான். ஒருத்தருக்காக இருபது பேரை நான் பட்டினி போடவா?"

அவருடைய அச்சம் நியாயமானது. இதை நான் மறுக்கவில்லை; எழுத்திலும் மறுக்க மாட்டேன். ஆனால் அச்சம் சாட்சி ஆகாது.

உனாயிசியின் வயலில் காய்கள் முற்றி நின்றன. வெட்டாமல் விட்டால் மழைத் தண்ணீரை இழுத்து வெடிக்கும். சில வெடிக்கவும் தொடங்கின. அவர் வரப்பில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கேக்காம எடுத்தது தப்பு அக்கா," என்றார் கடைசியில். "மாமா உயிரோட இருக்கும்போது அது உரிமை. அவர் படுத்திருக்கிற மண்ணு காயறதுக்குள்ள, துக்க வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஆனா மீனைக் கொன்னது நான் இல்ல. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக் கட்டிட்டாங்க. தனித்தனியா அவுக்கணும்."

சக்கியூசா உள்ளே போய், மன்னிப்போ வேண்டுகோளோ கேட்கப் போகிறவர்கள் இங்கே முன்வைக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை எடுத்து வந்தார். விருந்துக்கென்று உலர்த்தி வைத்திருந்தது, நல்ல பருமன். அதைத் துடைத்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டுத் தாமும் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். நானும் உடன் சென்றேன்.

துக்க வீட்டின் வாசலுக்குள் நுழைந்ததுமே உனாயிசி தரையில் உட்கார்ந்தார். கணவர் யங்கோனாவை முன்னால் வைத்து முறைப்படி பேசினார். முதலில் மன்னிப்பு: சொல்லாமல் எடுத்ததற்கு. பிறகு ஒரு வேண்டுகோள்: கழிமுகத்தில் இறங்கிப் பார்க்க அனுமதி.

"இதுக்கு எதுக்கு அனுமதி?" என்றார் இசிக்கேலி வறண்ட குரலில். "நீ கேக்குற ஆளா?"

"இன்னைக்குக் கேக்குறேன்."

இசிக்கேலி யங்கோனாவைத் தொடவில்லை. திரைக்கு அப்பால், துக்கம் காத்து வெளியே வராமல் இருந்த அவருடைய தாய் கெலேரா ஒருமுறை இருமினார். இசிக்கேலி கை நீட்டிக் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டார்.

ஊரே பின்னால் வந்தது. உனாயிசி பாவாடையை முழங்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு இறங்கினார். சேறு காலடியில் கறுப்பாகக் கலங்கி, அழுகிய முட்டைபோல் நாறியது. கண்டல் மரங்களின் வேர்களில் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. ஓடைத் தண்ணீர் வந்து விழும் ஓரமாக அவர் குனிந்தார். மீனைத் தொடவில்லை, விரலால் காட்டினார்.

"மச்சான், இங்க வந்து பாருங்க."

இசிக்கேலி தயங்கினார். பிறகு அவரும் இறங்கினார்.

"குஞ்சு," என்றார். "மடவைக் குஞ்சு. கூட்டமா இருக்கு."

"தூவான்னா எது முதல்ல போகும்?"

கரையிலிருந்து அபிசாய்தான் பதில் சொன்னார், யாரும் அவரைக் கேட்கவில்லை. "குஞ்சுதான். குஞ்சு மிதந்த பின்னாலதான் பெருசு வரும். எங்கம்மாகூட நான் போயிருக்கேனே." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "இங்க பெருசு செத்திருக்கு. குஞ்சு துள்ளுது."

"என் தோட்டம் அந்த ஓடை மேலதான் இருக்கு," என்றார் உனாயிசி. "என் தண்ணி வந்திருந்தா இந்த ஓரமாத்தான் முதல்ல வந்திருக்கும். இங்கதான் உயிரோட இருக்கு. இது மூச்சு முட்டின சாவு மச்சான். பெருசுக்குத்தான் காத்து நிறைய வேணும், அதான் அது முதல்ல போயிருக்கு."

அவர் நிமிர்ந்து கடலின் பக்கம் பார்த்தார். கழிமுகத்துக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு கோட்டைச் சுவர்போல் முழுதாக அடைத்து நின்றது. மழை அடித்து வந்த கருகிய கரும்புச் சருகும் இலைக்குப்பையும் அதன் உட்புறத்தில் மிதந்து அழுகிக்கொண்டிருந்தன. வெளியே போக வழியில்லை. உள்ளே வர அலைக்கும் வழியில்லை.

"வருஷா வருஷம் வறட்சியில இந்த வாயைத் திறந்து விடுவீங்களே. இந்த வருஷம் யார் வெட்டினது?"

அபிசாய் தம் பெருவிரலைப் பார்த்தார். பின்வரிசையில் சிரித்த மனிதர் கூட்டத்துக்குள் பின்வாங்கினார்.

"யாரும் வெட்டல," என்றார் இசிக்கேலி மெல்ல. "கால் வைக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

அவர் கரையேறி வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது தோளில் மண்வெட்டி இருந்தது.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று அபிசாய் கேட்டார்.

"உங்கப்பா இருந்திருந்தா கடைசியா இல்ல, முதல் ஆளா மம்மட்டியைத் தூக்கியிருப்பாருன்னாங்க."

ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் மணலை ஒதுக்கினார்கள். கால்வாய் முதலில் கை அகலத்தில்தான் இருந்தது. உள்ளே தேங்கிய கறுப்புத் தண்ணீர் வெளியே ஒழுகத் தொடங்கியதும் கரையைத் தானே அரித்து அகலமாக்கிக்கொண்டது. ஓதம் ஏறும் நேரம் வந்தபோது தண்ணீர் நின்றது, தயங்கியது, பிறகு பச்சை நிறக் கடல்நீர் உள்ளே பாய்ந்தது. நண்டுகள் ஒவ்வொன்றாக வேரை விட்டு இறங்கின. நாங்கள் இடுப்பளவு நனைந்து நின்றோம்.

இசிக்கேலி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உனாயிசியைப் பார்த்தார்.

"இவ்வளவு வயசுல மச்சினி ஒரு பொருளைக் கேட்டு வாங்கினது இதான் முதல் தடவை. அதுவும் என்ன கேட்டா? சேறு."

"ரேடியோதான் ஏற்கெனவே எடுத்துட்டேனே மச்சான்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில் உனாயிசி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், கடல்நீர் என்றார்.

மக்கரேத்தா மறுநாளே வந்து கழிமுகத்தையும் ஓடையையும் மேட்டுக் குழியையும் பார்த்தார். தண்ணீரில் காற்று அற்றுப்போனதே மீன்கள் இறந்ததற்குக் காரணம், தோட்டத்திலிருந்து சாறு ஓடைக்குச் சென்றதற்கு எந்த அறிகுறியும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அதன் நகல் சங்கத்தில் சேர்க்கப்பட்டது; அதற்கான ஒப்புகை என்னிடம் உள்ளது. ஊர் தன் வாயாலும், நிலையம் தன் எழுத்தாலும் உனாயிசியை விடுவித்துவிட்டன. மீதம் இருப்பது நமது சங்கம் ஒன்றே.

விலக்கு நீங்கிய நாளின் விருந்துக்கு இசிக்கேலி உனாயிசியிடம் முட்டைக்கோசு கேட்டனுப்பினார். வெடிக்காமல் தப்பிய காய்கள் அனைத்தும் அங்கே போயின. தேங்காய்ப்பாலில் வெந்து டாலோக் கிழங்கோடு பரிமாறப்பட்டன. கழிமுகத்தில் வலை விழுந்தபோது மடவை குறைவாகத்தான் வந்தது. குஞ்சுகள் வலைக்கண்ணில் நழுவிப் போவதைக் கண்டு ஊரார் மகிழ்ந்தே நின்றார்கள்.

இப்போது நிலைமை இவ்வாறு உள்ளது. மலையில் காட்டுவேரைத் தோண்டித் தீர்ப்பதைவிட வளர்ப்பதே முறை என்று, வுனிதிரிக்கு மேலே ஒரு சரிவை இசிக்கேலி உனாயிசிக்குக் காட்டிக் கொடுத்தார். தூவாக் கொடித் துண்டுகள் அங்கே நடப்பட்டுத் துளிர்த்துவிட்டன. யார் எப்போது தோண்டினாலும் எதற்கென்று ஊருக்குச் சொல்லிவிட்டே தோண்ட வேண்டும்; கழுவும் குழி தண்ணீருக்கு எட்டாத மேட்டில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. வுனிதிரிப் பெண்கள் சிலர் கரையில் ஒதுங்கும் பாசியை வாரிப் பீப்பாயில் ஊறவைக்கிறார்கள். சக்கியூசா அந்த ஊர் ஆண்களுக்கு அனுதாபம் தெரிவித்தார். பாசித்தண்ணீர் எந்த மண்ணில் பலன் தருகிறது, எதில் தரவில்லை என்று அறிய நிலையம் இந்தப் பருவத்தில் உனாயிசியின் நிலத்திலேயே பாத்தி போட்டுப் பார்க்கப் போகிறது. அறிவிப்பை எழுதிய பிரேம்லாலின் சொந்தத் தோட்டத்திலும் புழு குருத்துக்கு ஏறியபோது அவருடைய மனைவி எங்கள் வேலியோரம் வந்து ஒரு வாளி சாறு கேட்டார். உனாயிசி கொடுத்தார். குழி வெட்டிய பிறகுதான் கொடுத்தார்.

அறிவிப்பைத் திரும்பப் பெறும்படி நான் கேட்டபோது செயலாளர் சொன்னது: "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே அக்கா. இன்னும் எதுக்கு எழுத்தும் கிழுத்தும்? கோசு வெட்டினா கொண்டாங்க, அப்பப் பாத்துக்கலாம்."

இதை என்னால் ஏற்க இயலாது. பழி எழுத்தில் சுமத்தப்பட்டது, கதவில் ஒட்டப்பட்டது, ஓட்டல்களுக்குக் காய் வாங்கும் வியாபாரிகள் அதைப் படித்தார்கள். அவர்களில் இருவர் இன்றும் எங்கள் காய்களைத் தனியாக வைக்கச் சொல்கிறார்கள். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற வாய்ச்சொல்லை நம்பி நிலம் முழுவதும் நாற்று நட முடியாது. வெட்டிய காய் கதவருகே காத்திருக்காது.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நான் கோருவது: 2017 ஆகஸ்ட் 11 அறிவிப்பு தவறானது என்று குழு எழுதிக் கையெழுத்திட்டு அதே கதவில் ஒட்ட வேண்டும். உனாயிசியின் காய்களும் என் காய்களும் வரும் பருவத்தில் மற்ற உறுப்பினர்களின் காய்களைப் போலவே ஏற்கப்படும் என்று உறுதி அளிக்க வேண்டும். இந்த வாழ்க்கைக் குறிப்பை ஆண்டு மலரில் வெளியிட வேண்டும். இயலாதெனில் காரணத்தைக் கூற வேண்டும். நாற்றங்காலுக்கு மண் கொத்தி வைத்திருக்கிறோம். விதை மட்டும் இன்னும் வாங்கவில்லை. விதைப்புக்கு முன், ஏப்ரல் முதல் வாரத்துக்குள், இவை ஒவ்வொன்றுக்கும் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசியிலோ வழியில் நிறுத்தியோ சொல்லப்படும் எதையும் பதிலாகக் கொள்ள மாட்டேன்.

அங்கம்மா படையாச்சி
உறுப்பினர்
12 மார்ச் 2018